இன்னும் முடிவு பண்ணாத டுவெய்ன் ஹுட்னாக்

டுவெய்ன் ஹுட்னாக் வாழ்க்கையில் பெரிதாக ஒரு தப்பும் செய்ததில்லை. செய்த ஒரே தப்பு, தொலைபேசியில் ஒரு பெண் கேட்ட கேள்விக்கு மரியாதையாகப் பதில் சொன்னது.

மரியாதை என்றால் எங்கள் ரைனர்டன் ஊர் மரியாதை. மேற்குப் பென்சில்வேனியாவில் ஆற்றங்கரையில் இருக்கிற ஊர் இது. முன்பு எஃகு ஆலை இருந்தது, இப்போது அட்டைப்பெட்டி ஆலை இருக்கிறது. போன அதிபர் தேர்தல் சமயத்தில் அந்த ஆலையின் சாப்பாட்டு அறையில் பேச்சு முற்றி, ஒருவர் இன்னொருவருடைய பீன்ஸ் குழம்பை மைக்ரோவேவிலிருந்து எடுத்து அப்படியே தொட்டியில் கவிழ்த்துவிட்டார். கவிழ்த்தவருடைய வண்டியில் அன்று சாயங்காலம் நான்கு டயரிலும் காற்று இல்லை. இரண்டு பேரும் ஒரே சர்ச்சில் பக்கத்துப் பக்கத்தில் உட்காருகிறவர்கள். அதற்குப் பிறகு ஆலையில் யாரும் பேசி வைத்துக்கொள்ளாமலே ஒரு வழக்கம் வந்தது. யாருக்கு ஓட்டு என்று எவராவது கேட்டால் "இன்னும் முடிவு பண்ணல" என்று சொல்லிவிட்டு ரொட்டியைக் கடிக்க வேண்டியது. கேட்டவர் "நானும்தான்" என்று சொல்லிவிட்டுத் தன் ரொட்டியைக் கடிப்பார். இருவரும் மார்ச் மாதமே முடிவு பண்ணியிருப்பார்கள், அது இருவருக்கும் தெரியும். சாப்பிடுகிற நேரத்தில் எதற்கு வம்பு என்பதுதான் அந்தப் பதிலுக்கு அர்த்தம்.

ஆகஸ்டில் ஒரு வியாழக்கிழமை, ஐம்பது மைல் தள்ளியிருந்த டயாலிசிஸ் நிலையத்தின் வாசலில், காருக்குள் உட்கார்ந்து மனைவி ராக்ஸேனுக்காக டுவெய்ன் காத்திருந்தபோது போன் அடித்தது.

"தேசிய உழைப்பாளி வாக்காளர் உளப்போக்கு ஆய்வு மையத்துலேருந்து பேசறோம் சார். அதிபர் தேர்தல்ல யாருக்கு ஓட்டுப் போடப் போறீங்க?"

"இன்னும் முடிவு பண்ணல," என்றார் டுவெய்ன், பழக்க தோஷத்தில்.

அந்தப் பக்கம் பேனா ஒன்று கீழே விழுந்தது. பிறகு நாற்காலி ஒன்று தடாலென்று நகர்ந்தது. யாரோ ஓடினார்கள். "சார், தயவுசெஞ்சு வெச்சிடாதீங்க," என்று அந்தப் பெண் கெஞ்சினார். பிறகு ஓர் ஆண் குரல், மூச்சு வாங்கிக்கொண்டு.

"மிஸ்டர் ஹுட்னாக், நான் டாக்டர் லேலண்ட் வின்ட்ராப். மையத்தோட இயக்குநர். உங்க வயசு?"

"அம்பத்தாறு."

"கல்லூரிப் படிப்பு?"

"இல்ல."

"தொழில்?"

"அட்டைப்பெட்டி ஃபேக்டரில ஃபோர்க்லிஃப்ட் ஓட்டறேன்."

"நிஜமாவே முடிவு பண்ணலையா?"

டுவெய்ன் ஒரு கணம் தயங்கினார். அந்தத் தயக்கமே வின்ட்ராப்புக்குப் போதுமானதாக இருந்தது.

"மாநிலம் பூரா சல்லடை போட்டுச் சலிச்சுட்டோம் மிஸ்டர் ஹுட்னாக். உங்களை மாதிரி ஆளுங்க ஜூன்ல நானூறு பேர் இருந்தாங்க. ஜூலைல முப்பத்தொண்ணு. ஏரிக்கரைப் பக்கம் ஒரு வெல்டர் இருந்தார், அருமையான மனுஷன், எதைக் கேட்டாலும் குழம்புவார். போன ஞாயித்துக்கிழமை அவரும் முடிவு பண்ணிட்டார்." மூக்குச் சிந்துகிற சத்தம் கேட்டது. "இப்ப நீங்க மட்டும்தான் மிச்சம்."

இல்லை சார், நானும் முடிவு பண்ணியாச்சு, அது சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னது என்று டுவெய்ன் வாயைத் திறந்தார். அதற்குள் வின்ட்ராப், அக்டோபர் கடைசியில் பிட்ஸ்பர்கில் இரண்டு வேட்பாளர்களும் ஒரே மேடையில் ஏறப்போவதையும், அப்போது மையம் தேர்ந்தெடுக்கிற ஓர் உழைப்பாளி எழுந்து ஒரு கேள்வி கேட்கப்போவதையும் சொன்னார். எந்தக் கேள்வி வேண்டுமானாலும் கேட்கலாம்.

டுவெய்ன் திறந்த வாயை மூடிக்கொண்டார். அவரிடம் ஒரு கேள்வி இருந்தது. எங்கள் ஊர் ஆஸ்பத்திரியின் டயாலிசிஸ் பிரிவு அந்த வருஷ வசந்தத்தில் மூடப்பட்டது. எட்டு நிமிஷத்தில் ராக்ஸேனைக் கொண்டுபோய் விட்ட மனிதர் இப்போது வாரத்துக்கு மூன்று நாள் ஐம்பது மைல் போய், நான்கு மணி நேரம் காத்திருந்து, ஐம்பது மைல் வருகிறார். அதை ஏன் மூடினீர்கள், எப்போது திறப்பீர்கள் என்று அவர் ஆஸ்பத்திரியில் கேட்டார், மாவட்ட நிர்வாகமான கவுண்டியில் கேட்டார், மாநிலத்தில் கேட்டார். மூன்று இடத்திலும் அது எங்கள் துறை இல்லை என்றார்கள். கேட்காமல் மிச்சம் இருந்தது அதிபர் மட்டும்தான்.

"நான் என்ன பண்ணணும்?" என்றார் டுவெய்ன்.

"ஒண்ணுமே பண்ண வேண்டாம்," என்றார் வின்ட்ராப். "முடிவு மட்டும் பண்ணிடாதீங்க."

ராக்ஸேனுக்கு விஷயம் தெரிந்ததும் காரில் வாய்விட்டுச் சிரித்தாள். டயாலிசிஸ் முடிந்து வரும்போது அவள் சிரிப்பது அபூர்வம்.

"நீயா? முடிவு பண்ணாதவனா? செருப்பு வாங்கப் போனா முதல் ஜோடியவே வாங்கிட்டு ஓடி வர்ற ஆளு நீ."

"மேடையில கேள்வி கேக்க விடறாங்கடி."

அவள் சிரிப்பை நிறுத்தினாள். "நம்ம ஆஸ்பத்திரியப் பத்தியா?"

"ஆமா."

"அப்ப முடிவு பண்ணாமலே இரு," என்று சொல்லி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

இங்கே புள்ளிகளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அட்டைப்பெட்டி ஆலையில் தாமதமாக வந்தால் அரைப் புள்ளி, வராவிட்டால் ஒரு புள்ளி. ஒரு வருஷத்துக்குள் எட்டுப் புள்ளி சேர்ந்தால் வேலை இல்லை. ஏன் தாமதம் என்று யாரும் கேட்பதில்லை. பனிப்புயலில் மாட்டினாலும், பெண்டாட்டிக்கு உடம்பு முடியாமல் போனாலும், மதுக்கடையில் விழுந்து கிடந்தாலும் அரை அரைதான். "காரணம் கேட்டா பாரபட்சம் வந்துடும்," என்பார் பணியாளர் பிரிவு ஷார்லீன் யோஸ்ட், அதை ஒரு பெருமையாகவே. சட்டம் கொடுத்த பன்னிரண்டு வார மருத்துவ விடுப்பை டுவெய்ன் ஜூலைக்குள் தீர்த்திருந்தார். அதன் பிறகு ராக்ஸேனின் டயாலிசிஸ் முறையை, மூன்று மணிக்கு வேலை முடிந்து போகிற மாதிரி சாயங்காலத்துக்கு மாற்றி வாங்கியிருந்தார். ஆகஸ்டில் அவர் கணக்கில் ஐந்தரைப் புள்ளி நின்றது. அவருடைய வேலையில் ஒட்டிக்கொண்டிருந்த இன்ஷூரன்ஸில்தான் ராக்ஸேனின் ரத்தம் வாரத்துக்கு மூன்று முறை சுத்தமாகிக்கொண்டிருந்தது.

முதல் அமர்வு நெடுஞ்சாலை ஓட்டலின் கூட்ட அறையில் காலை ஆறு மணிக்கு நடந்தது. வேலைக்குப் போகுமுன் உழைப்பாளியின் இயல்பான மனநிலையைப் பிடிக்க வேண்டுமாம். அறையின் ஒரு பக்கச் சுவர் முழுக்கக் கண்ணாடி. அந்தப் பக்கம் இருபது பேர் உட்கார்ந்திருப்பது டுவெய்னுக்குத் தெரியக்கூடாது என்று ஏற்பாடு. ஆனால் அவர்களில் ஒருவருக்குச் சளி பிடித்திருந்தது.

வின்ட்ராப் உயரமான, மெலிந்த, அன்பான மனிதர். உழைப்பாளிகள் ஏன் இப்படி ஓட்டுப் போடுகிறார்கள் என்று பதினெட்டு வருஷமாக ஆராய்பவர். "எங்கள் உழைப்பாளி" என்பார், மீன்தொட்டி வைத்திருப்பவர் மீனைச் சொல்வதுபோல. உதவி இயக்குநர் மெரிடித் பக்கத்தில் கணினியோடு உட்கார்ந்து, டுவெய்ன் தும்மினால்கூடக் குறித்துக்கொண்டார்.

"போன தேர்தல்ல யாருக்குப் போட்டீங்கங்கறது வேண்டாம்," என்றார் வின்ட்ராப். "ஏன் போட்டீங்க? அதைச் சொல்லுங்க."

டுவெய்ன் நேர்மையான மனிதர். நடந்ததைச் சொன்னார். எங்கள் தெருக்கள் மலைச்சரிவில் இருக்கின்றன, கார் நிறுத்த இடம் கிடையாது. பனியை வாரிச் சுத்தம் செய்த இடத்தில் அவரவர் ஒரு பழைய சமையலறை நாற்காலியைப் போட்டுவிட்டு வேலைக்குப் போவார்கள். அந்த இடத்தைப் போலீஸ்காரர்கூடத் தொடமாட்டார். பனி போன பிறகும் அது அவருடைய இடம்தான். நான்கு வருஷத்துக்கு முன் தீயணைப்புக் கூடத்தில் பேச ஒரு வேட்பாளர் வந்தார். அவருடைய ஆட்கள் பாதுகாப்பு என்று சொல்லித் தெருவில் இருந்த எல்லா நாற்காலியையும் லாரியில் வாரிப்போட்டுக் கொண்டுபோனார்கள். திருப்பித் தரவில்லை.

"அதனால மத்தவருக்குப் போட்டேன்," என்றார் டுவெய்ன்.

கண்ணாடிக்குப் பின்னால் சளிக்காரர்கூட இருமவில்லை.

"வேற காரணம்?" என்றார் வின்ட்ராப் மென்மையாக. "ஃபேக்டரி மூடினது? சீனா? குடியேறி வர்றவங்க? துப்பாக்கி? கடவுள்?"

"அதெல்லாம் இருக்கு சார். அதெல்லாம் ரெண்டு பேரும்தான் பேசினாங்க. நாற்காலிய எடுத்தது ஒருத்தர்தானே."

"அந்த நாற்காலி உங்களுக்கு யாரு? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. உங்க அப்பாவா?"

"எங்கப்பா பள்ளிக்கூடத்துல பெருக்கித் துடைச்சவரு. நாற்காலி மஞ்சக் கலர்."

மெரிடித் தட்டச்சு செய்துவிட்டுத் தலை நிமிர்ந்தார். "பதினாலு 'ஆ' வகையில போடட்டுமா டாக்டர்? இழந்த ஆண்மை?"

"பதினாறு," என்றார் வின்ட்ராப். "தந்தையை மறுத்தல்." பிறகு டுவெய்னைப் பார்த்துப் பரிவோடு புன்னகைத்தார். "தப்பா நினைக்காதீங்க மிஸ்டர் ஹுட்னாக். ஏன் ஓட்டுப் போடறோம்னு உழைப்பாளிக்குத் தெரியாது. தெரிஞ்சா எங்களுக்கு என்ன வேலை?"

இது நல்ல பேச்சு என்று நினைத்துக் கண்ணாடிக்குப் பின்னால் யாரோ கைதட்டினார்கள். டுவெய்ன் ஆலைக்குள் நுழைந்தபோது மணி ஏழு பதினொன்று. புள்ளி ஆறு.

அடுத்த வாரம் பேட்டி. டுவெய்ன் வழக்கமாக மதியம் காரில் உட்கார்ந்து வீட்டிலிருந்து கொண்டுவந்த ரொட்டியைத் தின்கிறவர். உழைப்பாளி காரில் உட்கார்ந்து சாப்பிட்டால் பார்க்கிறவர்கள் நம்பமாட்டார்கள் என்றார் மெரிடித். ஆகவே பிரதான வீதி காபிக்கடைக்குப் போக வேண்டியதாயிற்று. டுவெய்ன் அந்தக் கடைக்குப் போய்ப் பதினோரு வருஷம் ஆகிறது. இப்போது கடைக்குள் நிற்க இடமில்லை. நான்கு தொலைக்காட்சிக் குழு, மூன்று பத்திரிகைக்காரர், நார்வேயிலிருந்து ஒருவர். ஊர்க்காரன் எவனாவது நுழைந்தால் ஏழு மைக் ஒன்றாக நீளும். கடைக்காரி 'இந்த மேசை சாப்பிடுகிறவர்களுக்கு' என்று ஒரு மேசையில் அட்டை எழுதி வைத்திருந்தாள். அந்த அட்டையையும் இருவர் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

மெரிடித் பையிலிருந்து ஒரு மஞ்சள் தலைக்கவசத்தை எடுத்தார்.

"நாங்க இது போடறதில்லைங்க," என்றார் டுவெய்ன். "அட்டைப்பெட்டி தலையில விழுந்தா வலிக்காது."

"பரிசோதனை பண்ணிப் பாத்தாச்சு. கவசம் இல்லாத உழைப்பாளிய எழுபத்திரண்டு சதவீதம் பேர் உழைப்பாளின்னு ஒத்துக்கல. பாதிப் பேர் உங்களைப் பல் டாக்டர்னு நினைச்சாங்க."

கவசத்தைப் போட்டுக்கொண்டு, ஆறிப்போன முட்டைக்கு முன் உட்கார்ந்து, நாட்டைப் பற்றிய உங்கள் கவலை என்ன என்ற கேள்விக்கு ஜன்னல் வழியாக எங்கோ தூரத்தைப் பார்த்தார் டுவெய்ன். தூரத்தைப் பார்க்கச் சொல்லியிருந்தார்கள். அங்கே வங்கிக் கடிகாரம் பன்னிரண்டு நாற்பதைக் காட்டியது. இடைவேளை பன்னிரண்டரையோடு முடிந்துவிட்டது. அவர் பதறி எழுந்ததைக் கேமராக்காரர் வெகுவாக ரசித்தார். அன்றைய செய்தியில் அந்தப் பதற்றத்தைத்தான் மூன்று முறை போட்டார்கள், 'கொந்தளிக்கும் உழைப்பாளி' என்று.

புள்ளி ஆறரை.

"மச்சான், உனக்குப் புத்தி எங்க போச்சு?" என்றான் ராக்ஸேனின் தம்பி ஸ்டஷ், பெட்டி அடுக்கும் இடத்தில். அதே ஆலைதான் அவனுக்கும். "இன்னும் ஒன்றரைதான் இருக்கு. அவனுங்கள போகச் சொல்லு. நான் முடிவு பண்ணிட்டேன்டானு மூஞ்சிக்கு நேரா சொல்லு."

"சொன்னா கேள்வி போயிடும்டா."

"அவனுங்க கேள்வி கேக்க விடுவானுங்கனு எதை வெச்சு நம்பற?"

எதை வைத்து நம்புகிறோம் என்று டுவெய்னுக்கே தெரியவில்லை. மூன்று துறைகள் இல்லையென்று சொன்ன பிறகு ஆமாம் என்று சொன்னவர்கள் இவர்கள் மட்டும்தான், அவ்வளவுதான்.

செப்டம்பர் நடுவில் மையம் வீட்டுக்கே வந்தது. இரண்டு ஆய்வாளர்கள் வரவேற்பறையில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்து, டுவெய்ன் செய்தி பார்க்கும்போது எந்தக் காலை ஆட்டுகிறார் என்று எழுதினார்கள். குளிர்பெட்டியைத் திறந்து உருளைக்கிழங்குக் கொழுக்கட்டையை எண்ணினார்கள். ராக்ஸேனின் சிறுநீரக உணவுப் பட்டியல் அதன் கதவில் ஒட்டியிருந்தது. அதை ஒருவர் படித்துவிட்டு, "உணவு தொடர்பான கட்டுப்பாட்டு மனோபாவம்," என்று குறித்துக்கொண்டார்.

"டேய் டுவெய்ன்," என்று ராக்ஸேன் சமையலறையிலிருந்து சத்தமாகவே கூப்பிட்டாள். "இவங்களுக்கும் சேத்து வடிக்கணுமா, இல்ல நம்ம ரெண்டு பேரும் திங்கறத பாத்தாலே இவங்களுக்கு வயிறு ரொம்பிடுமா?"

அந்தக் கேள்வியையும் எழுதிக்கொண்டார்கள்.

அன்றைக்கு டுவெய்னுக்குப் பொறுக்கவில்லை. கேள்வியும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம் என்று வின்ட்ராப்புக்குப் போன் போட்டார். "சார், உங்ககிட்ட ஒரு உண்மையச் சொல்லணும். நான் மார்ச்லயே முடிவு பண்ணிட்டேன்."

வின்ட்ராப் பதறவில்லை. "ரொம்ப நல்லது. இதை எதிர்பாத்துட்டுதான் இருந்தேன்."

"அப்ப என்னை விட்டுடறீங்களா?"

"முடிவு பண்ணிட்டதா நம்பறது, முடிவு பண்ணாதவங்ககிட்ட வர்ற ஆறாவது கட்டம். நானே எழுதியிருக்கேன், ரெண்டு தொகுதி. முதல் நாள் நீங்க கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்துலகூட இருக்கு பாருங்க, பதினோராவது பக்கம். ஆய்வுல இருக்கறவர் முடிவு பண்ணினாரா இல்லையாங்கறத மையம்தான் முடிவு பண்ணும்."

டுவெய்ன் போனை வைத்தார். வரவேற்பறையில் இருந்த இருவரும் பேனாவைத் திறந்து தயாராக அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தன் சொந்த வீட்டில் எங்கே போய் நிற்பது என்று அவருக்குத் தெரியவில்லை. கழிவறைக்குப் போய்க் கொஞ்ச நேரம் சும்மா நின்றுவிட்டு வந்தார். அதற்கு எவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டார் என்பதும் பதிவாயிற்று.

அக்டோபர் கடைசி வியாழன். மேடை நிகழ்ச்சி மாலை நான்கு மணிக்கு, ஒத்திகை காலை ஒன்பதுக்கு. ஒரு நாள் வேலை போயிற்று, ஒரு முழுப் புள்ளி. ஏழரை. ஸ்டஷின் மனைவி ராக்ஸேனை டயாலிசிஸுக்குக் கூட்டிப்போனாள்.

மெரிடித் டுவெய்னிடம் ஓர் அட்டையை நீட்டினார். அதில் இப்படி இருந்தது: 'என் தந்தை எஃகு ஆலையில் வியர்வை சிந்தினார். அந்த எஃகை எப்போது மீட்பீர்கள்?'

"எங்கப்பா எஃகு ஆலைக்குள்ள காலே வெச்சதில்லையே," என்றார் டுவெய்ன். "என் கேள்வி டயாலிசிஸ் பத்தி."

"அதையும் பரிசோதனை பண்ணிப் பாத்தோம்," என்றார் வின்ட்ராப். "டயாலிசிஸ் சுகாதாரத் துறைக் கவலை. அதுக்கு வேற குழு இருக்கு, புறநகர்ப் பெண்களை ஆராயறவங்க. உழைப்பாளியோட கவலை எஃகு. நீங்க டயாலிசிஸ் பத்திக் கேட்டா, உங்களைப் பாக்கற உழைப்பாளிகளுக்கே நீங்க யாருன்னு குழப்பம் வந்துடும். அவங்க ஏற்கெனவே பாவம்."

டுவெய்ன் அட்டையை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். மைக் கையில் வந்த பிறகு யார் என்ன செய்ய முடியும் என்று நினைத்தார். இரண்டு மாதத்தில் அவர் போட்ட ஒரே திட்டம் அது.

அரங்கில் இரண்டாயிரம் பேர். இரண்டு வேட்பாளர்களும் அவர் பக்கம் திரும்பி அன்பாகத் தலையாட்டினார்கள். கவசத்துக்குள் வியர்த்து வழிந்தது. டுவெய்ன் மைக்கைத் தூக்கினார்.

"எங்க ஊர் ஆஸ்பத்திரியில டயாலிசிஸ் பிரிவ மூடிட்டாங்க," என்றார். "என் மனைவி வாரத்துக்கு மூணு தடவை..."

அரங்கில் ஒலித்தது வேறு குரல். கரகரப்பான, சாராயமும் நிலக்கரியும் கலந்த பெரிய குரல். "என் தந்தை," என்றது அது, "எஃகு ஆலையில் வியர்வை சிந்தினார்..."

டுவெய்ன் மைக்கைப் பார்த்தார். அதில் விளக்கு எரியவில்லை. அவருடைய குரல் போதுமான அளவு உழைப்பாளித்தனமாக இல்லை என்று செப்டம்பரிலேயே கண்டுபிடித்து, நாடகம் படித்த ஒருவரைத் திரைக்குப் பின்னால் உட்கார வைத்திருந்தார்கள். டுவெய்ன் இன்னும் உரக்கக் கத்தினார். அந்தக் குரலும் உரத்தது. கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. ஒரு வேட்பாளர் எஃகை மீட்பேன் என்றார். இன்னொருவர் அதைவிட அதிக எஃகை மீட்பேன் என்றார்.

ராத்திரி அவர் வீடு திரும்பியபோது ராக்ஸேன் சோபாவில் போர்வையோடு உட்கார்ந்திருந்தாள். டயாலிசிஸ் நாற்காலியில் படுத்தபடி தொலைக்காட்சியில் பார்த்திருக்கிறாள்.

"டிவி ஒண்ணு சொல்லிச்சு, உன் உதடு ஒண்ணு சொல்லிச்சு," என்றாள். "என் பக்கத்துல இருந்த நர்ஸ்கூடப் பாத்துட்டு, உன் வீட்டுக்காரர் டயாலிசிஸ்னு சொல்றாரேனு கேட்டா."

டுவெய்ன் அவள் காலடியில் உட்கார்ந்து அழுதார். அவமானத்தில் வந்த அழுகை அது, வேறு பெயர் அதற்கு இல்லை.

"சரி விடு," என்றாள் ராக்ஸேன், அவர் தலையில் கையை வைத்து. "இனி ஒரு நிமிஷம்கூட லேட்டாப் போகாத. அது போதும் எனக்கு."

அப்படியேதான் இருந்தார். தேர்தல் நாள் செவ்வாய்க்கிழமை, காலை ஆறு நாற்பதுக்கே ஆலை வாசலுக்கு வந்துவிட்டார். ஓட்டை மூன்று மணிக்கு வேலை முடிந்து போட்டுக்கொள்ளலாம். வாசலில் மையத்தின் வேன் நின்றது. வின்ட்ராப் கையசைத்தார். டுவெய்ன் குனிந்த தலை நிமிராமல் நடந்து, அடையாள அட்டையைத் தேய்த்துச் சுழல்கதவைத் தாண்டி உள்ளே போனார். ஆறு ஐம்பத்திரண்டு. பெருமூச்சு விட்டார்.

அப்போதுதான் மெரிடித் கம்பிவேலிக்கு அந்தப் பக்கம் ஓடி வந்தார், கையில் போனோடு. "மிஸ்டர் ஹுட்னாக்! ஒரு வேட்பாளரோட தலைமை அலுவலகம் லைன்ல இருக்கு. உங்க ஆஸ்பத்திரிக் கேள்வி! யாரோ உங்க உதட்டப் படிச்சிருக்காங்க. அந்தக் கேள்வியப் பத்தி உங்ககிட்ட நேரடியாப் பேசணுமாம்!"

இதை எழுதும்போதுகூட எனக்கு மனசு கேட்கவில்லை. போகாதே ஐயா என்று கத்த வேண்டும்போல் இருக்கிறது. ஆனால் எட்டு மாதமாக ஒரு மனிதன் கேட்டுக்கொண்டிருந்த கேள்விக்கு முதல் முறையாக ஒரு காது கிடைத்திருக்கிறது என்றால் யார்தான் போகமாட்டார்கள்? கடிகாரத்தைப் பார்த்தார். எட்டு நிமிஷம் இருந்தது. வெளியே போனார்.

"மிஸ்டர் ஹுட்னாக்தானே?" என்றது போனில் உற்சாகமான குரல். "உங்க கேள்வி எங்களுக்கு ரொம்ப முக்கியம். ஆஸ்பத்திரிங்கற வார்த்தையக் கேக்கும்போது உங்களுக்குள்ள எவ்வளவு கதகதப்பா இருக்கு? ஒண்ணுலேருந்து பத்துக்குள்ள ஒரு எண் சொல்லுங்க."

"என்ன?"

"எங்க விளம்பரத்துல ஆஸ்பத்திரின்னு போடறதா, மருத்துவமனைன்னு போடறதான்னு ஒரு விவாதம். மொத்தம் நாப்பது வார்த்தை இருக்கு, சீக்கிரம் முடிஞ்சிடும்."

டுவெய்ன் போனை மெரிடித் கையில் திணித்துவிட்டு ஓடினார். வாசலில் அதற்குள் காலைக் கூட்டம் சேர்ந்திருந்தது. தள்ள முடியாது, எல்லோருக்கும் புள்ளி உண்டு. அவர் அட்டையைத் தேய்த்தபோது மணி ஏழு நான்கு.

எட்டு மணிக்கு ஷார்லீன் கூப்பிட்டு அனுப்பினார். மேசையில் முகம் துடைக்கிற காகிதப் பெட்டி தயாராக இருந்தது. அதிலிருந்து முதல் தாளை எடுத்துக்கொண்டது ஷார்லீன்தான்.

"நீ ஆறு அம்பத்திரண்டுக்கு வந்ததும் இதுல இருக்கு டுவெய்ன். வெளிய போனதும் இருக்கு. ஏழு நாலுக்குத் திரும்பி வந்ததும் இருக்கு. ஏன் வெளிய போனேன்னு எழுத மட்டும் இடம் இல்ல. இடம் இருந்தா நான் எழுதிடுவேன். அதனாலதான் இடமே வைக்கல." மூக்கைத் துடைத்துக்கொண்டார். "எனக்கே ஏழு இருக்கு, தெரியுமா?"

பத்தொன்பது வருஷத்துச் சாமான் ஒரு பெட்டிக்குள் அடங்கிவிட்டது. அவர்கள் ஆலையில் செய்த பெட்டிதான். அதைத் தூக்கிக்கொண்டு டுவெய்ன் வெளியே வந்தபோது வின்ட்ராப் ஆவலோடு முன்னால் வந்தார்.

"ஓட்டுப் போடக் கிளம்பியாச்சா? எங்க ஆளுங்க வாக்குச்சாவடில தயாரா இருக்காங்க."

"வேலை போயிடுச்சு."

வின்ட்ராப் முகம் வெளுத்தது. நிஜமாகவே வெளுத்தது. "எப்போ?"

"இப்பதான். எட்டு பத்துக்கு."

வின்ட்ராப்பும் மெரிடித்தும் வேனுக்குப் பின்னால் போய் வெகுநேரம் பேசினார்கள். பிறகு வின்ட்ராப் மட்டும் வந்தார், துக்க வீட்டுக்கு வருகிறவர்போல.

"மிஸ்டர் ஹுட்னாக், உழைப்பாளின்னா உழைக்கணும். அதுதான் வரையறை. நான் வகுத்தது இல்ல." கொஞ்சம் யோசித்தார். "சரி, நான் வகுத்ததுதான். ஆனா அதுல கை வெச்சா பதினெட்டு வருஷ வேலையும் போயிடும். நீங்க இப்ப எங்க ஆய்வுல இல்ல. உங்களை விடுவிக்கிறோம்."

"அப்ப நான் யாரு?"

"வேற பட்டியல். வேலையில்லாதவங்க."

"அவங்கள யாரு பாக்கறாங்க?"

"அதுக்கு நிதி வரல. அவங்க அவ்வளவா ஓட்டுப் போடறதில்லைன்னு ஒரு கருத்து இருக்கு."

"ஏன் போடறதில்ல?"

"கேட்டதில்ல," என்றார் வின்ட்ராப்.

மெரிடித் தலைக்கவசத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டார். விலகல் படிவத்தில் காரணம் குறிக்க மூன்று கட்டங்கள் இருந்தன. இடம் பெயர்ந்தார், இறந்தார், ஆர்வம் குறைந்தது. மெரிடித் டுவெய்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு மூன்றாவதில் குறி போட்டார்.

டுவெய்ன் வீட்டுக்கு வந்தபோது ராக்ஸேன் போர்வையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தாள். அன்று மட்டும் அவளுடைய முறையைக் காலை பதினோரு மணிக்கு மாற்றியிருந்தார்கள். ஸ்டஷின் மனைவி கூட்டிப்போவதாக ஏற்பாடு. கதவு திறந்த சத்தம் கேட்டுத் திரும்பினாள். அவர் முகத்தைப் பார்த்தாள், கையில் இருந்த பெட்டியைப் பார்த்தாள். பையின் ஜிப்பை மூடினாள்.

"ஸ்டஷ் பெண்டாட்டிக்குப் போன் பண்ணி வர வேண்டாம்னு சொல்லிடு," என்றார் டுவெய்ன். "நானே கூட்டிட்டுப் போறேன்."

ராக்ஸேன் பையை மடியில் வைத்துக்கொண்டு காரில் உட்கார்ந்தாள். தீயணைப்புக் கூடத்து வாசலில் ஓட்டுப் போட வரிசை தெருமுனை வரை நின்றது. மூன்று மைக்குகள் வரிசையோடு நகர்ந்துகொண்டிருந்தன. டுவெய்ன் வண்டியை நிறுத்தவில்லை. பதினோரு மணி தப்பினால் அவள் இடத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிடுவார்கள்.

பாலம் தாண்டிய பிறகு ராக்ஸேன் கேட்டாள். "இன்ஷூரன்ஸ் எது வரைக்கும் இருக்கும்?"

"இந்த மாசம் முப்பதாம் தேதி வரைக்கும்."

அவள் விரலை மடக்கி வாரங்களை எண்ணினாள். "பதினோரு தடவை," என்றாள். "இன்னைக்கும் சேத்து."